இடது ஓரம் யாருடையது?

ரியால் மாட்ரிட் அணியின் இடது ஓரத்தில் இரண்டு பேர் ஆடினார்கள். ஒருவர் பிரான்சிஸ்கோ ஹென்டோ; 1953 முதல் 1971 வரை 600 ஆட்டங்கள், 182 கோல்கள். இன்னொருவர் கிறிஸ்டியானோ ரொனால்டோ. 2009 முதல் 2018 வரை 438 ஆட்டங்கள், 450 கோல்கள். கோலை மட்டும் எண்ணினால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். ஆனால் ஹென்டோ வென்ற ஐரோப்பியக் கோப்பைகள் ஆறு. 1966இல் அவர் எட்டிய அந்த எண்ணிக்கையை 2024 வரை, அதாவது 58 ஆண்டுகள், வேறு எந்த ஆட்டக்காரரும் தொடவில்லை. ரொனால்டோ ஐந்தோடு நின்றார்.

இவர்களில் யார் பெரியவர் என்ற கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது. ஏனென்றால் இருவரும் செய்தது ஒரே வேலை அல்ல. லெஃப்ட் விங்கர் என்ற ஒரே பெயருக்குள் கடந்த நூறு ஆண்டுகளில் குறைந்தது மூன்று வேலைகள் வந்து போயிருக்கின்றன. கோட்டோரமாக ஓடிப் பந்தை நடுவுக்கு அனுப்புவது ஒன்று. பின்னால் இறங்கி நடுக்களத்துக்குத் தோள் கொடுப்பது இன்னொன்று. உள்ளே வெட்டி வந்து தானே கோல் அடிப்பது மூன்றாவது. மகத்தான இடது விங்கர்களின் பட்டியல்கள் இம்மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கின்றன. அதனால்தான் அவற்றில் ரொனால்டோ எப்போதும் மேலேயும், மாரியோ ஸகாலோ கீழேயும் இருக்கிறார்கள். சில பட்டியல்களில் ஸகாலோ இடம்பெறுவதே இல்லை. அந்தப் புறக்கணிப்பு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கால்களைப் பற்றி. கால்பந்து ஆடுபவர்களில் இயல்பாக இடக்காலைப் பயன்படுத்துபவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். இடது ஓரத்தில் இடக்கால்காரர் ஒருவர் ஓடும்போது பந்து கோட்டை ஒட்டிய பக்கத்தில் இருக்கும்; எதிரணியின் ரைட் பேக் அதைத் தொட வேண்டுமானால் ஓடுபவரின் உடம்பைத் தாண்டிக் காலை நீட்ட வேண்டும். கோல் கோட்டருகே போய் அவர் உதைக்கும் கிராஸ், கோல்கீப்பரின் கைக்கு எட்டாமல் வெளிப்பக்கமாக வளைந்து, ஓடி வரும் தன் அணிக்காரனின் தலைக்கோ காலுக்கோ போய்ச் சேரும். வலக்கால்காரருக்கு இதெல்லாம் தலைகீழ். கோட்டை ஒட்டி ஓடினால் பலவீனமான காலால்தான் கிராஸ் செய்தாக வேண்டும். உள்ளே திரும்பினாலோ கோல் முழுவதும் கண்முன் திறக்கும். வலக்காலின் உட்புறத்தால் சுழற்றிய பந்து தூரத்துக் கம்பத்துக்கு வெளியே போவதுபோல் போய் உள்ளே வளையும். இடது ஓரத்தின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு வளைவுகளுக்கும் நடுவே நடந்த இழுபறிதான்.

உள்ளே வெட்டுவது இக்காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் 1930களின் ஆர்சனல் அணியைப் பார்க்க வேண்டும். 1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. பந்து அனுப்பப்படும் நேரத்தில் முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்றிருந்தது இருவராகக் குறைந்தது. கோல்கள் குவிந்தன. பயிற்சியாளர் ஹெர்பர்ட் சாப்மேன் தன் சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்துத் தற்காப்பைக் கட்டினார். முன்வரிசையில் அதனால் குறைந்த பலத்தை ஓரத்து ஆட்டக்காரர்களை வைத்து ஈடுகட்டினார். எக்ஸெட்டர் நகரிலிருந்து 1929இல் வந்த கிளிஃப் பாஸ்டினிடம் கோட்டைக் கட்டிக்கொண்டு நிற்காதே, உள்ளே வா என்பதே பாடம். அலெக்ஸ் ஜேம்ஸ் பந்தை எடுத்துக் கொடுக்க, 1932–33 பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களில் பாஸ்டின் 33 கோல்கள் அடித்தார். ஆர்சனலுக்காக அவர் அடித்த 178 கோல்கள் 1997 வரை அக்கழகத்தின் சாதனையாக நின்றன. ஓர் ஓர ஆட்டக்காரரின் சாதனை அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அவருடைய திறமையோடு அணியின் வடிவமும் காரணம். விங்கர் தனியாகப் பெரியவர் ஆவதில்லை. பந்து கொடுப்பவர் ஒருவர், முதுகுக்குப் பின்னால் காவல் நிற்பவர் ஒருவர், அவர் அனுப்பும் கிராஸை எதிர்பார்த்துப் பெட்டிக்குள் நிற்பவர் ஒருவர் என மூவர் அவருக்கு வேண்டும்.

ஹென்டோவின் கதை இதற்கு நல்ல சாட்சி. ஸ்பெயினின் வடகரையில் கான்டாப்ரியா பகுதியில் உள்ள குவார்னிஸோ என்ற சிற்றூரில் 1933இல் பிறந்தவர் அவர். ரேசிங் சான்டான்டர் அணியிலிருந்து இருபது வயது நிறைவதற்குள் மாட்ரிட் வந்துவிட்டார். அந்தக் கரையில் முன்னறிவிப்பின்றி வீசும் கடும்புயலின் பெயரையே ரசிகர்கள் அவருக்குப் பட்டமாகச் சூட்டினார்கள். ஆனால் முதல் பருவத்தில் அந்த வேகம் பயனற்ற வேகமாகத் தெரிந்தது. ஓடுவார், பந்து பின்தங்கும். பந்து வந்தால் கிராஸ் திசை தவறும். அவரை வேறு அணிக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அதே ஆண்டில் வந்து சேர்ந்திருந்த அல்ஃப்ரெடோ டி ஸ்டெஃபானோ தடுத்தார் என்பது மாட்ரிட் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. இந்த வேகத்தைப் பயிற்சியால் யாருக்கும் ஊட்ட முடியாது, மற்றதைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்பதே டி ஸ்டெஃபானோவின் கணக்கு.

கற்றுக்கொடுத்தவர் எக்டர் ரியால். 1954இல் இன்சைடு லெஃப்ட் இடத்துக்கு வந்த அர்ஜென்டினக்காரர். ஹென்டோ ஓடத் தொடங்கும் முன்பே அவர் போய்ச் சேரவேண்டிய வெற்றிடத்துக்குப் பந்தை அனுப்பும் பொறுமை ரியாலுக்கு இருந்தது. ஹென்டோவின் ஓட்டம் அதன் பிறகுதான் ஆட்டமாக மாறியது. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேகம் அல்ல, முழுவேகத்தில் பந்தோடு போகும்போதே சட்டென்று நின்றுவிடும் திறமை. துரத்தி வரும் தற்காப்பாளர் தன் வேகத்தாலேயே தாண்டிப் போய்விடுவார். ஹென்டோ பந்தோடு தனியாக நிற்பார். தலையைத் தூக்கி யாருக்கு அனுப்பலாம் என்று பார்க்க அவருக்கு நேரம் கிடைத்துவிடும்.

1956 முதல் 1960 வரை ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள் வரிசையாக மாட்ரிட்டுக்கு வந்தன. ஐந்து இறுதியாட்டங்களிலும் ஹென்டோ ஆடினார். 1957இல் ஃபியோரென்டினாவுக்கு எதிராக ஒரு கோல். 1958 மே 28 அன்று பிரஸ்ஸல்ஸில் மிலான் அணி இரண்டு முறை முன்னிலை பெற்று, இரண்டு முறையும் அதை இழந்து, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 107ஆவது நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தவர் ஹென்டோதான். 1960இல் கிளாஸ்கோவில் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டை 7-3 என்று வென்ற ஆட்டத்தில் கோல்கள் அத்தனையும் புஷ்காஷுக்கும் டி ஸ்டெஃபானோவுக்கும் போயின. புள்ளிவிவரத் தாளில் அன்று ஹென்டோவின் பெயர் கோல் பட்டியலில் இல்லை. இடது ஓரத்தில் அவர் இருந்ததாலேயே எதிரணியின் தற்காப்பு அகலமாக விரிந்து நிற்க வேண்டியிருந்தது என்பது எந்தத் தாளிலும் பதிவாகாது.

டி ஸ்டெஃபானோ போனார், புஷ்காஷுக்கு வயதானது. 1966இல் பார்டிஸானை 2-1 என்று வென்ற மாட்ரிட், முழுக்க ஸ்பானியர்களைக் கொண்ட இளம் அணி. கேப்டன் ஹென்டோ. இரண்டு தலைமுறைகளையும் இணைத்த பாலம் அவர். ஆறு கோப்பை என்ற எண்ணின் உண்மையான எடை இதுதான். உடன் ஆடிய மேதைகளின் நிழலில் வென்றவர் என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி, அவர்கள் இல்லாமலும் வென்று காட்டினார்.

அதே காலத்தில் ஹங்கேரியின் இடது ஓரத்தில் சோல்தான் சிபோர் இருந்தார். இங்கிலாந்தை 1953இல் வெம்ப்ளியில் 6-3 என்று வீழ்த்திய அணியில் அவர் இருந்தார். ஒரே இடத்தில் நில்லாதவர். திடீரென்று வலது பக்கத்தில் முளைப்பார். அவருடைய வாழ்க்கையில் பெர்ன் நகரின் வாங்க்டோர்ஃப் மைதானம் ஒரு கொடுமை. 1954 உலகக் கோப்பை இறுதியில் அங்கே கோல் அடித்தார். ஹங்கேரி 3-2 என்று மேற்கு ஜெர்மனியிடம் தோற்றது. 1956 எழுச்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி பார்சிலோனாவில் சேர்ந்து, 1961இல் ஐரோப்பியக் கோப்பை இறுதிக்காக அதே மைதானத்துக்கு வந்தார். மறுபடியும் கோல் அடித்தார். பார்சிலோனா 3-2 என்று பென்ஃபிகாவிடம் தோற்றது.

இனி ஸகாலோ. 1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றது. உருகுவேயின் இரண்டு கோல்களும் பிரேசிலின் இடது பக்கத்தை உடைத்துக்கொண்டு வந்தவை. ரைட் விங்கர் கிஜ்ஜியா, லெஃப்ட் பேக் பிகோடேயைத் தாண்டிப் போய் முதலாவதை ஸ்கியாஃபினோவுக்கு அமைத்துக் கொடுத்தார், இரண்டாவதைத் தானே அடித்தார். பிகோடேக்கு உதவ அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. அன்று மைதானத்தில் பாதுகாப்புப் பணியில் நின்ற இளம் ராணுவ வீரர்களில் ஒருவர் மாரியோ ஸகாலோ, வயது 18. எட்டு ஆண்டுகள் கழித்து பிரேசிலின் இடது விங்கராக அவர் செய்தது, அன்று திறந்து கிடந்த அந்தப் பக்கத்தை மூடியதுதான். அந்தக் காட்சிதான் அவரை அப்படி ஆட வைத்தது என்று நான் வாதிடவில்லை. ஆனால் பிரேசில் கால்பந்தின் காயமும் அதற்கான மருந்தும் மைதானத்தின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

1958 உலகக் கோப்பைக்குப் போன பிரேசில் அணியில் இடது விங்கர் இடத்துக்கு இயல்பான உரிமையாளராகத் தோன்றியவர் சாண்டோஸ் கழகத்தின் பெப்பே. இடக்காலில் வெடிமருந்து வைத்திருந்தவர். போட்டிக்கு முன் அவர் காயமடைந்தார். ஸகாலோ ஆறு ஆட்டங்களிலும் ஆடினார். தாள்மேல் பிரேசிலின் வடிவம் 4-2-4. நடுக்களத்தில் டிடியும் ஸீட்டோவும் மட்டுமே. எதிரணியிடம் பந்து போனதும் ஸகாலோ ஓடி வந்து மூன்றாவது ஆளாக நிற்பார். பந்து திரும்பக் கிடைத்ததும் மறுபடி முன்னால் ஓடுவார். உலகம் பின்னாளில் 4-3-3 என்று பெயரிட்டது இந்த ஓட்டத்துக்குத்தான். எறும்பைப்போல ஓயாமல் உழைத்ததால் அவருக்குக் குட்டி எறும்பு என்றே பெயர் வந்தது.

இந்த உழைப்பின் பயன் இரண்டு இடங்களில் விளைந்தது. அவர் பின்னால் நின்றதால் லெஃப்ட் பேக் நில்டன் சாண்டோஸ் துணிந்து முன்னேறினார். ஆஸ்திரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கோலே அடித்தார். மறு ஓரத்தில் கரிஞ்சா எந்தத் தற்காப்புக் கடமையும் இல்லாமல் தன் விருப்பப்படி ஆட முடிந்தது. கரிஞ்சாவின் சுதந்திரத்துக்கான விலையை எதிர் ஓரத்தில் ஒருவர் தன் நுரையீரலால் செலுத்திக்கொண்டிருந்தார். உலகம் கரிஞ்சாவைப் பாடியது, அதில் தவறில்லை. செலுத்தியவரையும் பாட வேண்டும். ஸ்டாக்ஹோம் இறுதியில் சுவீடனை 5-2 என்று வென்றபோது நான்காவது கோல் ஸகாலோவுடையது. கடைசி நிமிடத்தில் பெலே தலையால் முட்டிய ஐந்தாவது கோலுக்குப் பந்து அனுப்பியதும் அவரே. 1962இல் சிலியில் பெலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயமடைந்து விலகிய பின்னும் பிரேசில் கோப்பையைத் தக்கவைத்தது. அங்கும் ஆறு ஆட்டங்களிலும் ஸகாலோ இருந்தார்.

1970இல் அவர் பயிற்சியாளர். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பையை வென்ற முதல் மனிதர். தன் பழைய இடத்தில் அவர் நிறுத்தியது அசல் விங்கரை அல்ல. இடக்கால் நடுக்கள ஆட்டக்காரரான ரிவெலினோவை. இத்தாலிக்கு எதிரான இறுதியாட்டத்தின் நான்காவது கோலைப் பாருங்கள். ரிவெலினோ இடது கோட்டோரமாகப் பந்தை அனுப்புகிறார். அங்கே அதை வாங்குபவர் வலது விங்கரான ஜைர்ஸின்யோ. அவரைப் பிடிக்க நின்ற இத்தாலியின் லெஃப்ட் பேக் ஃபாகெட்டி தன் பக்கத்தை விட்டுவிட்டுக் கூடவே வந்திருக்கிறார். ஜைர்ஸின்யோ உள்ளே வெட்டி பெலேவுக்குக் கொடுக்க, பெலே காலியாகக் கிடந்த வலது பக்கத்தில் உருட்டிவிட, கார்லோஸ் ஆல்பெர்டோ ஓடி வந்து உதைக்கிறார். அந்தக் கோலில் எல்லோரும் கொண்டாடுவது கடைசி உதை. நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பது இடது ஓரத்தில் வலக்கால்காரர் ஒருவர் உள்ளே திரும்பும் அந்தக் கணத்தை. அடுத்த அரை நூற்றாண்டின் விதை அதில் இருக்கிறது.

நடுவில் இந்த இடத்தையே ஒழித்துவிடப் பார்த்தார்கள். கீவ் நகரின் டைனமோ அணிக்கு 1964இல் வந்த விக்டர் மஸ்லோவ் விங்கர்களைக் கைவிட்டு நடுக்களத்தில் நால்வரை நிறுத்தினார். அதனால் இடமிழந்தவர்களில் முக்கியமானவர், கார்னரிலிருந்தே பந்தை வளைத்துக் கோலுக்குள் இறக்கக்கூடிய செம்பட்டை முடி இடது விங்கர் வலேரி லோபனோவ்ஸ்கி. இங்கிலாந்தில் ஆல்ஃப் ராம்சே 1966 உலகக் கோப்பையைக் கடைசியில் விங்கர்களே இல்லாத அணியை வைத்து வென்றார். வெற்றி பெற்ற யோசனை என்பதால் ஊரெல்லாம் பரவியது.

பதில் இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1968 ஐரோப்பிய நாடுகள் கோப்பை அரையிறுதி, ஃபுளோரன்ஸ் நகரில். உலகச் சாம்பியன் இங்கிலாந்துக்கு எதிரே யூகோஸ்லாவியா. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ரெட் ஸ்டார் பெல்கிரேடின் 22 வயது இடது விங்கர் டிராகன் ஜாயிச், பாபி மூரைத் தாண்டி வந்த பந்தை அடக்கி, கார்டன் பேங்க்ஸைத் தாண்டி வலைக்குள் அனுப்பினார். 1-0. இத்தாலிக்கு எதிரான இறுதியிலும் அவர் கோல் அடித்தார். அது 1-1 என்று முடிந்ததால் மறு ஆட்டம் வைத்து, அதில் இத்தாலி வென்றது. ஜாயிச் மொத்தம் 85 முறை நாட்டுக்காக ஆடினார். மேற்கு ஐரோப்பாவின் பெரிய கழகங்களில் ஆடியிருந்தால் இன்று அவர் பெயரை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியிருந்திருக்காது.

லோபனோவ்ஸ்கி டைனமோவுக்குப் பயிற்சியாளராகத் திரும்பினார். ஆட்டத்தை அறிவியல் கணக்காக மாற்றியவர் என்று பேர் பெற்ற அவருடைய அணியின் கூரிய முனை, இடது பக்கத்திலிருந்து புறப்படும் ஓலெக் ப்ளோஹின். தாய் சோவியத் தடகளச் சாம்பியன். மகனுக்கு ஓட்டம் வீட்டுச் சொத்து. 1975இல் கோப்பை வென்றோர் கோப்பையை டைனமோ வென்றது. பிறகு ஐரோப்பியச் சாம்பியன் பயேர்ன் மியூனிக்குடன் சூப்பர் கோப்பை. மியூனிக்கில் ஒரு கோல், கீவில் இரண்டு. மூன்றையும் அடித்தவர் ப்ளோஹின். அந்த ஆண்டின் சிறந்த ஐரோப்பிய ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்குப் போனது. விங்கராக ஒதுக்கப்பட்ட ஒருவரின் கையில்தான் அந்த இடம் புது உயிர் பெற்றது.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 1911 ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியில் பிரிட்டிஷ் படையணி ஒன்றை 2-1 என்று வீழ்த்திய மோகன் பகான் கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி ஒரு லெஃப்ட் அவுட். செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம், பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி ஆகியோருடன் சேர்ந்து இந்தியாவின் பொற்காலத்தின் இடது பக்கத்தைத் தாங்கியவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தார். அந்த ஹங்கேரி அணியில் பின்னாளில் தங்கப் பந்து வென்ற ஃப்ளோரியான் ஆல்பெர்ட் ஆடினார். இந்தியா தோற்றது 2-1 என்ற ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். அடுத்த ஆண்டே நுரையீரல் நோய் அவருடைய ஆட்டத்தை நிறுத்தியது. 2023இல் அவர் மறைந்தபோது தமிழ் இதழ்கள் இன்னும் நிறைய எழுதியிருக்கலாம்.

1970களிலிருந்து கோட்டோர ஆட்டத்தின் பெரிய பெயர்களை வேகமாகவே சொல்லிவிடலாம். ஹாலந்தின் ராப் ரென்சென்பிரிங்க் 1978 இறுதியின் கடைசி நிமிடத்தில் 1-1 என்றிருக்கும்போது உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சில அங்குலம் தள்ளிப் போயிருந்தால் ஹாலந்து உலகச் சாம்பியன், அவரே அந்தப் போட்டியின் அதிகக் கோல்காரர். மான்செஸ்டர் யுனைடெடின் ரயன் கிக்ஸ் 13 லீக் பட்டங்கள் வென்றார். ஆனால் ஜான் பார்ன்ஸிடம் சற்று நின்றாக வேண்டும். ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தின் இடது ஓரத்தில் ஆடிய அவர், 1984 ஜூன் 10 அன்று மரக்கானாவில் இடது ஓரத்திலிருந்து உள்ளே புகுந்து பிரேசில்காரர்களை ஒவ்வொருவராகத் தாண்டி ஒரு கோல் அடித்தார். வயது 20. இங்கிலாந்து 2-0 என்று வென்றது. திரும்பும் விமானத்தில் இருந்த இனவெறிக் கூட்டம், கறுப்பர் அடித்த கோல் கணக்கில் சேராது, ஆகவே 1-0 தான் என்று சொன்னதைப் பார்ன்ஸ் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். லிவர்பூல் அணிக்கு வந்த பிறகு எதிரணி ரசிகர்கள் அவர்மேல் வாழைப்பழம் எறிந்தார்கள். மிக நெருக்கமாகக் கூட்டத்தை ஒட்டி ஆட வேண்டியவர் விங்கர். எந்த வசையும் அவர் காதுக்குத்தான் முதலில் வரும். பார்ன்ஸின் ஆட்டத்தை மதிப்பிடும்போது அந்தக் கோட்டோரம் அவருக்கு எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

2000க்குப் பிறகு இடது ஓரம் வலக்கால்காரர்கள் கைக்கு மாறியது. ஆர்சனலில் தியெரி ஆன்ரி பெயருக்கு நடு முன்னாட்டக்காரர். புறப்படுவதோ இடது ஓரத்திலிருந்து. பாஸ்டினின் கழகத்தில் 228 கோல்கள் என்ற புதிய எல்லையை அவர் நிறுவியது தற்செயல் அல்ல, சாப்மேனின் பழைய யோசனை வலக்காலோடு திரும்பி வந்ததுதான். 2005 நவம்பர் 19 அன்று மாட்ரிட்டில் ரொனால்டினியோ இடது பக்கத்திலிருந்து பாய்ந்து இரண்டு கோல் அடித்தபோது, எதிரி அணியின் ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். பிறகு கிறிஸ்டியானோ. அவர் உள்ளே போனதும் காலியாகும் கோட்டோரத்தை யார் நிரப்பினார்? லெஃப்ட் பேக் மார்செலோ. ஹென்டோ செய்த ஓட்டத்தையும் கிராஸையும் அவர் பின்வரிசையிலிருந்து வந்து செய்தார். பழைய வேலை அழியவில்லை, ஆள்தான் மாறியது. ஸகாலோ இறங்கி வந்து நில்டன் சாண்டோஸுக்குத் திறந்த கதவு வழியாகவே மார்செலோவும் வந்தார்.

கோட்டோர ஆட்டத்தின் உச்சம் ஹென்டோ என்றும், உள்ளே வெட்டுபவர்களில் சாதனையால் கிறிஸ்டியானோவும் ஆட்டத்தின் அழகால் ரொனால்டினியோவும் முன்னே நிற்பவர்கள் என்றும் நான் கருதுகிறேன். ஆனால் இந்த இடத்தின் பொருளையே மாற்றியவர் ஒருவரைச் சொல்லச் சொன்னால், 2024 ஜனவரியில் தன் 92ஆம் வயதில் மறைந்த ஸகாலோவைத்தான் சொல்வேன்.

அதே ஆண்டு ஜூலையில் பெர்லினில் நடந்த ஐரோப்பிய நாடுகள் கோப்பை இறுதியில் ஸ்பெயினின் வலது ஓரத்தில் இடக்கால்காரரான லமீன் யமால், இடது ஓரத்தில் வலக்கால்காரரான நீகோ வில்லியம்ஸ். இடைவேளை முடிந்து இரண்டாவது நிமிடம். யமால் உள்ளே வெட்டிவந்து எதிர்ப்பக்கம் பந்தைத் தள்ள, வில்லியம்ஸ் அதை நிறுத்தாமலேயே இங்கிலாந்தின் தூரத்துக் கம்பத்தோரம் அனுப்பினார். உள்ளே திரும்பித் தன் நல்ல காலுக்குப் பந்தை மாற்ற அவர் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. இடக்காலாலேயே உதைத்தார்.